இணையவழி விவாதச் சுற்றும் வன்னி மாணாக்கரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டை வன்னிப் பெருநிலத்தோடு பிணைத்து நிற்பது ஆனையிறவு. இருமருங்கும் கடனீரேரி, நடுவே கண்டி யாழ்ப்பாண நெடுஞ்சாலையும் புகையிரதப் பாதையும், அயலே உப்பளம். 321 கிலோமீற்றர் நீளமுள்ள அந்நெடுஞ்சாலை போர்க்காலத்திற் பல்லாண்டு மூடப்பட்டுக் கிடந்து, 2002ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டு, 2006ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் மீண்டும் மூடப்பட்டது. போர் முடிந்த பின்னரே அது பொதுமக்களுக்கு நிலையாகத் திறந்துவிடப்பட்டது. யாழ்ப்பாணம் வரையான புகையிரதச் சேவை 2014ஆம் ஆண்டிலேயே மீளத் தொடங்கியது. ஆகவே இப்பகுதியின் ஒரு தலைமுறை மாணாக்கர், வேறூர்ப் பாடசாலை மாணாக்கரோடு எதிரெதிரே நின்று சொல்லாடும் வாய்ப்பினைப் பெரும்பாலும் பெற்றிலர். பாதை திறந்த பின்னரும் பேருந்துக் கட்டணம், துணைக்குச் செல்லும் ஆசிரியர் பெறவேண்டிய விடுமுறை, பெண்பிள்ளைகள் இருட்டுமுன் வீடு திரும்பவேண்டும் என்னும் பெற்றோர் கவலை ஆகியன அவ்வாய்ப்பினைச் சுருக்கியே வைத்துள்ளன.

இந்நிலையில், பாடசாலைகளுக்கிடையே இணையவழியாக நடைபெறும் விவாதச் சுற்றுப்போட்டிகள் தோன்றியிருக்கின்றன. கணினியொன்றும் இணையத் தொடர்பும் இருப்பின், ஆனையிறவிலுள்ள ஒரு மாணாக்கன் தன்னூரிலிருந்தவாறே கொழும்பிலோ சென்னையிலோ சிங்கப்பூரிலோ உள்ள மாணாக்கனோடு வாதிடலாம். இச்சுற்றுப்போட்டி யாது, அஃது எங்ஙனம் நடைபெறுகின்றது, அதிற் சேர்வதால் வன்னிப் பாடசாலையொன்று அடையும் பயன் யாது, சேருமுன் ஆராயவேண்டியவை எவை என்பவற்றை முறையாக விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் விவாதம் என்னுஞ் சொல்லின் பொருளைத் தெளிதல் வேண்டும். வடமொழித் தருக்க நூலார் சொற்போரை வாதம், சற்பம், விதண்டை என மூன்றாகப் பகுப்பர். உண்மையை அறியும் பொருட்டு இருவர் நிகழ்த்துவது வாதம். வெற்றியொன்றையே கருதி நிகழ்த்துவது சற்பம். தன் கொள்கை இதுவென நாட்டாது, பிறர் கொள்கையைச் சிதைத்தலே தொழிலாகக் கொள்வது விதண்டை. நாம் நாள்தோறும் வீண் பேச்சைக் குறித்து வழங்கும் 'விதண்டாவாதம்' என்னுஞ் சொல் இவ்வழி வந்ததே. விவாதப் போட்டி வெற்றி தோல்வியை உடையதாதலின், அது சற்பத்தின்பாற் சாய்ந்துவிடும் என்று ஐயுறுதல் இயல்பு. அவ்வையம் நீங்குமாறு பின்னர்க் காட்டப்படும்.

தமிழர்க்கு இக்கலை புதியதன்று. மணிமேகலைக் காப்பியத்தின் இருபத்தேழாங் காதையிலே, மணிமேகலை வஞ்சிநகரத்திற் பல்வேறு சமயவாதிகளையும் அணுகி, அவரவர் கொள்கையை அவரவர் வாய்மொழியாகவே கேட்கின்றாள். எதிர்த்து உரைப்பதன் முன்னர்ப் பொறுமையாகக் கேட்டல் வேண்டும் என்பதனை அக்காதை அமைந்த முறையே உணர்த்துகின்றது. இருபத்தொன்பதாங் காதையிலோ, பக்கம், ஏது, திட்டாந்தம் என்னும் தருக்க உறுப்புக்களும், அவை வழுவுமிடத்து உண்டாகும் போலிகளும் விரித்துரைக்கப்படுகின்றன. பக்கம் என்பது நாட்டக் கருதிய கூற்று. ஏது என்பது அதற்குரிய காரணம். திட்டாந்தம் என்பது அக்காரணத்தைத் தெளிவிக்கும் எடுத்துக்காட்டு. இன்றைய விவாதப் பயிற்சியாளர் மாணாக்கருக்கு முதற்பாடமாகக் கற்பிப்பதும் இம்மூன்றையே. கூற்றைச் சொல், காரணத்தைக் காட்டு, சான்றினால் நிறுவு என்கின்றனர்.

பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூற் பாயிரத்திலே நூலாசிரியர் கைக்கொள்ளும் மதங்கள் ஏழெனக் கூறப்பட்டுள்ளன. பிறர் கொள்கைக்கு உடன்படுதல், அதனை மறுத்தல், முதலில் ஏற்றுக்கொண்டு பின்னர்க் களைதல், தானே ஒன்றனை எடுத்து நாட்டி அதனை நிலைநிறுத்தல், இருவர் மாறுபட்டவிடத்து ஒன்றனைத் துணிதல், பிறர் நூலிலுள்ள குற்றத்தைக் காட்டுதல், பிறர் கொள்கைக்கு உடன்படாது தன் கொள்கையையே கொள்ளுதல் என்பன அவை. விவாத அணியொன்றின் வேலைகள் யாவும் இவ்வேழினுள் அடங்குதல் காண்க. இனி, அருணந்தி சிவாசாரியார் தம் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என இரண்டாக வகுத்துக்கொண்டார். பரபக்கத்திலே மாற்றார் கொள்கையை முதலில் எடுத்து மொழிந்து, அதன் பின்னரே மறுப்பினைக் கூறுகின்றார். மாற்றார் கொள்கையைச் செவ்வனே எடுத்துரைக்க இயலாதவன் அதனை மறுக்கும் உரிமையும் உடையவனல்லன் என்னும் நெறி அதனாற் பெறப்படும்.

இங்ஙனமாகவும், நம் பாடசாலைகளிலே பெரிதும் வேரூன்றியிருப்பது விவாதமன்று, பிரசங்கமேயாம். ஆறுமுக நாவலர் 1847ஆம் ஆண்டு வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே தொடங்கிய சைவப் பிரசங்கத்தின் வழிவந்த மேடைப்பேச்சு, யாழ்ப்பாணத்துத் தமிழுரைநடைக்கும் கல்விக்கும் செய்த தொண்டு அளவிடற்கரியது. ஆயின் பிரசங்கம் ஒருவர் கூற மற்றையோர் கேட்பது. பாடசாலைப் பேச்சுப்போட்டியில் அஃது இன்னுஞ் சுருங்கி, ஆசிரியர் எழுதிக்கொடுத்ததை மாணாக்கன் மனனஞ்செய்து ஒப்புவிக்கும் நிலைக்கு வந்துவிட்டது. ஒப்புவிப்பவனுடைய குரலும் உச்சரிப்பும் நன்கு அமையலாம். நடுவிலே ஒருவர் எழுந்து "அஃது ஏன்?" என்று வினவின், அவன் விடை கூறமாட்டாது திகைப்பான். அவ்வினாவுக்கு அஞ்சாது விடையிறுக்கப் பழக்குவது விவாதம்.

நிற்க, இன்று உலகிற் பெருவழக்காயுள்ள பாடசாலை விவாத முறையினை நோக்குவோம். உலகப் பாடசாலைகள் விவாத வாகைப்போட்டி 1988ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவிலே தொடங்கப்பெற்றது. தொடக்கத்திற் சில நாடுகளே பங்குபற்றிய அப்போட்டியில் இப்பொழுது ஐம்பதளவு நாடுகள் பங்குபற்றுகின்றன. இலங்கை அணிகளும் அதிற் கலந்துகொண்டு வந்துள்ளன. இணையவழிச் சுற்றுப்போட்டிகள் பலவும் இதன் விதிகளையே சிறுசிறு மாற்றங்களுடன் பின்பற்றுகின்றன.

ஒவ்வொரு விவாதத்திலும் இரண்டு அணிகள். ஓரணிக்கு மூன்று பேச்சாளர். ஓரணி பிரேரணையை முன்மொழிந்து பேசும். மற்றையது எதிர்த்துப் பேசும். இரு அணியினரும் மாறிமாறி எழுந்து, ஒவ்வொருவரும் எட்டு நிமிடம் பேசுவர். முதற் பேச்சாளர் சொற்களுக்கு வரையறை கூறித் தம் அணியின் வாதங்களைத் தொடங்குவார். இரண்டாம் பேச்சாளர் எதிரணியை மறுத்துத் தம் வாதங்களை வளர்ப்பார். மூன்றாம் பேச்சாளரின் வேலை பெரும்பாலும் மறுப்பேயாம். அறுவரும் பேசி முடிந்தபின், ஒவ்வோரணியிலும் முதலிருவருள் ஒருவர் நான்கு நிமிடம் தொகுப்புரை நிகழ்த்துவார். எதிர்ப்போர் தொகுப்புரை முன்னரும், முன்மொழிந்தோர் தொகுப்புரை பின்னரும் வரும். ஆக, பேச்சுக்குரிய நேரம் 56 நிமிடமாகும். எட்டு நிமிடப் பேச்சின் முதல் நிமிடமும் இறுதி நிமிடமும் நீங்க, இடைப்பட்ட ஆறு நிமிடங்களில் எதிரணியினர் குறுக்கிட்டு வினா எழுப்ப அனுமதி கேட்கலாம். பேசுபவர் அதனை ஏற்கலாம், மறுக்கவுஞ் செய்யலாம். எல்லா வினாக்களையும் மறுப்பவர் அஞ்சுகின்றார் என்று நடுவர் கருதுவர்.

புள்ளி வழங்கும் முறை அறிந்துகொள்ளத்தக்கது. ஒரு பேச்சுக்கு மொத்தம் 100 புள்ளி. அவற்றுள் 40 கருத்துக்கும், 40 சொல்லும் முறைக்கும், 20 உத்திக்கும் உரியன. உத்தி என்பது நேரத்தைப் பங்கிடுதல், எதனை முதலிற் கூறவேண்டும் என அறிதல், எதிரணியின் முதன்மையான வாதத்தை விட்டுச் சில்லறை வாதத்தைப் பற்றிக்கொள்ளாதிருத்தல் முதலியன. குரலினிமையும் அடுக்குமொழியும் நிறைந்து, எதிரணி கூறியதற்கு விடையில்லாத பேச்சு, நம் மேடைகளிற் பரிசு பெறலாம். இம்முறையிலோ அது தோற்றுவிடும்.

பிரேரணைகள் இருவகை. சில வாரங்களுக்கு முன்பே அறிவிக்கப்படுவன ஒருவகை. விவாதத்துக்கு ஒரு மணிநேரம் முன்னர் மாத்திரம் வெளியிடப்படுவன மற்றொருவகை. இரண்டாவது வகையில் மாணாக்கர் வெளியார் உதவியின்றித் தாமே கூடி ஆராய்ந்து வாதங்களை அமைத்தல் வேண்டும். ஆசிரியர் எழுதிக்கொடுக்கும் வழக்கத்துக்கு ஈண்டு இடமில்லை. நாள்தோறும் பத்திரிகை வாசித்தவனும், வரலாறு, புவியியல், குடியியல் ஆகிய பாடங்களைப் பரீட்சைக்காக மட்டுமன்றி விளங்கிக் கற்றவனுமே இதில் நின்று பிடிப்பான்.

இனி 'லீக்' எனப்படும் தொடர்சுற்று முறையின் சிறப்பு யாதெனிற் கூறுவாம். நம் நாட்டுத் தமிழ்மொழித் தினப் போட்டி முதலியவற்றிலே படிமுறையுண்டு. கீழ்ப்படியில் முதலிடம் பெற்றோரே மேற்படிக்குச் செல்வர். மற்றையோர்க்கு அவ்வாண்டுப் போட்டி அத்துடன் முடிந்தது. திறமையாளரைத் தெரிந்தெடுப்பதற்கு அம்முறை ஏற்றது. ஆயின் பயிற்சி குறைந்த பாடசாலையின் மாணாக்கர் அம்முறையில் ஒரு தடவை பேசுகின்றனர், தோற்கின்றனர், வீடு செல்கின்றனர். யாருக்குப் பயிற்சி மிகுதியும் வேண்டுமோ அவர்க்கே அது மிகக் குறைவாகக் கிடைக்கின்றது. தொடர்சுற்று முறையிலோ, முதற்சுற்றில் தோற்ற அணியும் இரண்டாஞ் சுற்றிற் பேசும். மூன்றாஞ் சுற்றிலும் பேசும். முதற்சுற்றிற் சீட்டுக்குலுக்கிச் சோடி சேர்ப்பர். அடுத்த சுற்றுக்களில், ஒத்த எண்ணிக்கை வெற்றியுடைய அணிகளை ஒன்றோடொன்று பொருதவைப்பர். எனவே இருமுறை தோற்ற அணி மூன்றாம் முறை தன்னையொத்த அணியையே சந்திக்கும். இக்கணக்குகளைச் செய்வதற்கென 'ரபிகற்' போன்ற இலவசக் கணினி மென்பொருள்கள் உள்ளன. சுற்று முடிந்ததும் நடுவர் தம் முடிபுக்குரிய காரணங்களை இரு அணிக்கும் விளக்கிக் கூறுவர். தோற்ற அணிக்கு அவ்விளக்கமே ஒரு பாடமாகும்.

விவாதம் இணையத்துக்கு வந்தது எங்ஙனம்? 2020ஆம் ஆண்டு கொள்ளைநோய் பரவியபொழுது, மெக்சிக்கோவில் நடைபெறவிருந்த உலகப் பாடசாலைகள் போட்டி இணையவழியாக நடத்தப்பட்டது. 2021ஆம் ஆண்டு மக்காவுக்குரிய போட்டியும் அங்ஙனமே நடைபெற்றது. அவ்வாண்டுகளிற் பல நாடுகளின் பாடசாலைச் சுற்றுக்களும் இவ்வழியைக் கைக்கொண்டன. பயணச் செலவு, தங்குமிடச் செலவு என்பன இல்லாதொழிந்தமையால், முன்னர் எண்ணியும் பாராத பாடசாலைகளும் அணிகளை அனுப்பின. நோய் தணிந்தபின் பெரும்போட்டிகள் மண்டபங்களுக்கு மீண்டபோதிலும், சிறு சுற்றுக்கள் பல இணையத்திலேயே தொடர்கின்றன.

நடைமுறை இதுவாகும். சூம் முதலிய செயலியில் ஒவ்வொரு விவாதத்துக்கும் ஓர் அறை அமைக்கப்படும். எல்லாரும் ஒலிவாங்கியை அடைத்துவைத்திருக்க, பேசுபவர் மட்டும் அதனைத் திறப்பார். குறுக்குவினா எழுப்புவோர் கையுயர்த்தும் குறியினை இடுவர்; அல்லது எழுத்திலே தெரிவிப்பர். தொடர்பு அறுந்துவிடின், நடுவர் சில நிமிடம் பொறுத்திருந்து மீண்டும் பேசவிடுவர். எவ்வளவு நேரம் பொறுப்பர் என்பது ஒவ்வொரு சுற்றின் விதியிலும் எழுதப்பட்டிருக்கும். அதனை முன்கூட்டியே வாசித்தறிதல் ஆசிரியர் கடன்.

இதுகாறும் முறையை விளக்கினோம். இனி ஆனையிறவு மாணாக்கனுக்கு இதனால் விளையும் பயனை ஓர் எடுத்துக்காட்டின்மூலம் ஆராய்வோம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. சுண்ணக்கற் படையிலே தேங்கும் மழைநீரையே கிணறுகள் வழங்குகின்றன. ஆனையிறவுக் கடனீரேரியைக் கடலினின்றும் அடைத்து நன்னீர்த் தேக்கமாக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியே அந்நீரை வடமராட்சிக் கடனீரேரிக்குக் கொண்டுசெல்லும் திட்டமொன்றைப் பொறியியலாளர் ச. ஆறுமுகம் 1950களில் முன்வைத்தார். 1960களில் தொடங்கிய வேலைகள் முற்றுப்பெறவில்லை. பின்னர், 2010களில், கிளிநொச்சி இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுசெல்லும் எண்ணம் எழுந்தபொழுது, அக்குளத்தை நம்பி நெற்செய்கை பண்ணும் விவசாயிகள் தம் அச்சத்தை வெளியிட்டனர். வடமராட்சி கிழக்கிலே தாளையடியில் 2024ஆம் ஆண்டு கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது.

'ஆனையிறவுக் கடனீரேரியை நன்னீர்த் தேக்கமாக்குதல் வேண்டும்' என்பது பிரேரணையாக அமைகின்றது எனக் கொள்வோம். முன்மொழிவோர், குடாநாட்டுக் கிணறுகள் உவராவதையும், மாரிமழை நீர் வீணே கடலிற் சேர்வதையும், கடல்நீரைக் குடிநீராக்குதற்கு வேண்டிய மின்செலவையும் எடுத்துக்காட்டலாம். எதிர்ப்போர், உவர்நீரை நம்பி வாழும் இறால் மீன் பிடிப்போரையும், நீண்டகாலம் மூடிக்கிடந்து 2025ஆம் ஆண்டிலே உற்பத்திசாலை மீளத் திறக்கப்பட்ட உப்பளத்தையும், 2015ஆம் ஆண்டிலே தேசியப் பூங்காவாக்கப்பட்ட சுண்டிக்குளத்துப் பறவைகளையும், மழை பொய்க்கும் ஆண்டுகளையும் எடுத்துக்காட்டலாம். இருபக்கத்திலும் உண்மையுண்டு, இருபக்கத்திலும் மக்கள் உளர்.

இப்பொழுது சீட்டு விழுகின்றது. எப்பக்கம் பேசுவது என்பதனை அணியினர் தெரிவதில்லை. அதனைச் சீட்டே தெரிகின்றது. உப்பளத்தில் வேலைசெய்யும் தந்தையின் மகள் நன்னீர்த் தேக்கத்துக்காகப் பேச நேர்கின்றது. குடாநாட்டிலே, உவர்த்துப்போன கிணற்றினை உடைய வீட்டின் மகன் உப்பளத்துக்காகப் பேச நேர்கின்றது. ஒரு மணிநேரம் அவள் அவனுடைய கிணற்றைப் பற்றிச் சிந்திக்கின்றாள்; அவன் அவளுடைய தந்தையின் கூலியைப் பற்றிச் சிந்திக்கின்றான். அருணந்தியார் பரபக்கத்தை முன்வைத்த நெறி ஈண்டுப் பதினைந்து வயதுப் பிள்ளைகளின் கையிற் பயிற்சியாகின்றது. இச்சுற்றுப்போட்டியின் தலையாய பயன் இதுவே என்க. வெற்றிக் கிண்ணம் ஓரணிக்கே கிடைக்கும். மாற்றார் பக்கத்தின் நியாயத்தை உள்நின்று காணும் பழக்கமோ எல்லா அணிக்குங் கிடைக்கும்.

ஆனையிறவு 1991, 2000, 2009 ஆகிய ஆண்டுகளிற் படைகள் பொருத களம். ஈண்டு இரு பக்கம் என்னுஞ் சொல்லுக்கு நெடுங்காலம் ஒரு பொருளே இருந்தது. அந்நிலத்திற் பிறந்து வளரும் பிள்ளைகள், இருபக்கத்தார் எதிரெதிரே அமர்ந்து, நேரம் அளந்து, குறுக்கே வினாவி, முடிவில் ஒருவருக்கொருவர் நன்றி கூறிப் பிரியும் ஓர் ஒழுங்கினைத் தம் இளமையிலேயே பயிலுதல் சிறிய பேறன்று.

ஈண்டுச் சில தடைகள் எழுப்பப்படும். அவற்றுக்கு விடை கூறுதல் முறையாகும்.

தான் நம்பாத ஒன்றனை நம்புவான்போற் பேசுதல் பொய்யன்றோ என்பது முதலாவது தடை. நீதிமன்றத்திலே வழக்கறிஞர் தம் கட்சிக்காரருக்காகப் பேசுதலை எவரும் பொய் என்பதில்லை. அவ்வாறே விவாதப் பேச்சாளர் சீட்டினாற் கிடைத்த பக்கத்துக்கு வழக்குரைக்கின்றார் என்பது நடுவர்க்கும் எதிரணிக்கும் கேட்போர்க்கும் தெரியும். ஏமாற்றப்படுவார் எவருமில்லாவிடத்துப் பொய் என்பது இல்லை. ஆயினும் பொய்ச்சான்று கூறுதல் வேறு. இல்லாத புள்ளிவிவரத்தைப் படைத்துச் சொல்லுதலும், எதிரணி கூறாததைக் கூறியதாகத் திரித்தலும் குற்றமேயாம். அவற்றை ஆசிரியர் முதல்நாளிலேயே விலக்குதல் வேண்டும். முற்கூறிய சற்பம், விதண்டை என்னும் இழிவுகள் புகுவது இவ்வழியாகவேயாம். பக்கத்தை மாற்றிமாற்றித் தரும் சீட்டு, ஒருவன் தன் கொள்கைமேல் வெறிகொள்ளாது காக்கின்றது. எதிரணிக்கு விடை கூறாத பேச்சுக்குப் புள்ளி குறைக்கும் விதியோ போட்டியை வாதத்தின்பாலே இழுத்து நிறுத்துகின்றது.

மொழி பற்றியது இரண்டாவது தடை. உலகச் சுற்றுக்கள் ஆங்கிலத்தில் நடைபெறுவன. வன்னி மாணாக்கர் பலருக்கு ஆங்கிலம் பாடநூலளவில் நிற்பது, உரையாடும் மொழியன்று. ஆங்கிலமறியாமையைச் சிந்திக்க அறியாமை என்று பிள்ளையே தவறாக எண்ணிக்கொள்ளும் அபாயம் இங்கு உண்டு. ஆதலின் முதற்படி தமிழ்மொழிச் சுற்றே ஆதல்வேண்டும். நம் நாட்டிலும் தமிழகத்திலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் தமிழ் மாணாக்கர் உளர். இணையத்துக்கு அவர்களிடையே தூரமில்லை. அயற்பாடசாலைகள் நான்கைந்து கூடித் தாமே ஒரு தமிழ்ச் சுற்றினைத் தொடங்குதலும் அரிதன்று. நடுவராகப் பழைய மாணவரை அழைக்கலாம். காரணம் காட்டும் பழக்கம் தாய்மொழியில் உறுதிபெற்றபின், ஆங்கிலத்தில் வேண்டுவது சொற்களேயன்றிச் சிந்தனையன்று. ஆங்கிலச் சுற்றுக்கே சேரும் பாடசாலை, ஈராண்டுத் தமிழ்ப் பயிற்சிக்குப் பின்னர்ச் சேர்தல் நன்று.

கருவியும் செலவும் மூன்றாவது தடை. 2020ஆம் ஆண்டிலே பாடசாலைகள் மூடப்பட்டு இணையவழிக் கல்வி தொடங்கியபொழுது, வீட்டில் ஒரே தொலைபேசி, அதுவும் தந்தை வேலைக்கு எடுத்துச் செல்வது என்னும் நிலையைக் கண்டோம். 2022ஆம் ஆண்டு பொருளாதார நெருக்கடியின்போது ஒரு நாளில் 13 மணிநேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்தது. இவற்றை மறந்து திட்டமிடலாகாது. ஆயினும் விவாதத்துக்கு வேண்டுவது பெரும்பாலும் ஒலியே. ஒலியை மட்டும் பயன்படுத்தின் வினாடிக்கு 60 முதல் 80 கிலோபிற்று அளவு போதும். அது ஒரு மணிநேரத்துக்கு ஏறத்தாழ 27 முதல் 36 மெகாபைற்று வரையாகும். படத்தையும் திறந்துவைத்தால் அதனிற் பலமடங்கு செலவாகும். ஆகவே தாம் பேசும் முதல் நிமிடத்தில் மட்டும் முகங்காட்டிப் பின் படத்தை அடைத்துவிட அனுமதிக்கும் சுற்றினைத் தெரிதல் வேண்டும். பேச்சாளர் மூவரும் தத்தம் வீட்டில் தனித்தனியே அமர்வதினும், பாடசாலையின் ஓர் அறையில் ஒரு கணினியின் முன் கூடி அமர்தல் எல்லாவகையானும் சிறந்தது. செலவு ஒன்றாகும், கூடி ஆராய்தல் எளிதாகும், ஆசிரியர் கண்காணிப்பும் அமையும். மின்தடைக்கு முன்னேற்பாடாக, மின்னேற்றிய தொலைபேசியொன்றினை அருகில் வைத்திருத்தல் நன்று.

பிள்ளைகளின் பாதுகாப்பு நான்காவதும் தலையாயதுமான கவனத்துக்குரியது. முன்பின் அறியாதார் கூடும் இடம் இணையம். சேர்வதன் முன்னர், சுற்றினை நடத்துவோர் யாவர், அவர்க்குப் பொறுப்பான கல்வி நிறுவனம் யாது, பேச்சுக்கள் பதிவுசெய்யப்படுமா, பதிவு எங்கே வைக்கப்படும், முறையீடு யாரிடம் செய்யலாம் என்பவற்றை எழுத்திலே பெறுதல் வேண்டும். பெற்றோரின் எழுத்துமூல இசைவின்றி எப்பிள்ளையின் பெயரையும் படத்தையும் வெளியிடலாகாது. நடத்துவோரும் நடுவரும் பிள்ளையோடு தனிமையிற் செய்தி பரிமாறுதலை விலக்கி, எல்லாத் தொடர்பும் பொறுப்பாசிரியர் வாயிலாகவே நிகழுமாறு விதித்தல் வேண்டும். தகாதன நிகழின், 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையினை 1929 என்னும் தொலைபேசி இலக்கத்தில் அழைக்கலாம் என்பதனை மாணாக்கரும் அறிந்திருத்தல் வேண்டும்.

பரீட்சை பற்றிய கவலையே ஐந்தாவது தடை. க. பொ. த. சாதாரண தரப் பரீட்சையை அண்மிய மாணாக்கரை இதில் ஈடுபடுத்தலாமா என்று பெற்றோர் வினவுவர். தரம் 9இலும் 10இலும் தொடங்கி, பரீட்சைக்கு முந்திய ஆறு மாதங்கள் ஓய்வு கொடுத்தல் தக்கதாகும். பயிற்சிக்கு வாரம் இரண்டு மணிநேரம் போதும். ஒரு மணிநேரம் பத்திரிகைச் செய்தியொன்றின் இருபக்கத்தையும் எழுதிப் பார்த்தற்கும், மற்றொரு மணிநேரம் எழுந்து பேசுதற்கும் செலவிடலாம். வரலாற்று வினாவுக்குக் காரணங்காட்டி விடையெழுதும் திறனும், கட்டுரையைப் பகுத்து அமைக்கும் திறனும் இதனால் வளருமேயன்றிக் குன்றா.

இனி, இணையத்தால் எய்தாதனவும் உள. கேட்போர் முகக்குறிப்பை நோக்கிப் பேச்சை மாற்றும் நுட்பம், திரைமுன் பேசுவானுக்கு வாய்ப்பதில்லை. விவாதம் முடிந்தபின் எதிரணியினரோடு தேநீர் அருந்திப் பேசும் நட்பும் வாய்ப்பதில்லை. ஆதலால் ஆண்டுக்கு ஒருமுறையேனும், சுற்றிற் பங்குகொண்ட அயற்பாடசாலைகள் ஓரிடத்திற் கூடி நேர்முக விவாதம் நடத்துதல் வேண்டும். கிளிநொச்சியிலும் பரந்தனிலும் பளையிலுமுள்ள பாடசாலைகளுக்கு அது பெருஞ்செலவன்று. இணையம் நேர்முகக் கூட்டத்துக்கு மாற்றாகாது. அதனை நோக்கிச் செல்லும் வழியாக அமைதல் வேண்டும்.

தொகுத்து நோக்குமிடத்து, தோற்றவனுக்கும் மீண்டும் பேச இடந்தருதல், பக்கத்தைச் சீட்டினால் மாற்றித் தருதல், எட்டாத தூரத்திலுள்ளானை எதிரே கொண்டுவந்து நிறுத்துதல் என்னும் மூன்றும் இச்சுற்றுப்போட்டியின் தனிப்பண்புகளாதல் பெறப்படும். இவற்றுள் முதலது எளிய பாடசாலைக்கு ஊக்கம் அளிப்பது. இரண்டாவது மாணாக்கன் உள்ளத்தை விரிப்பது. மூன்றாவது ஆனையிறவு போன்ற ஊர்களின் நெடுங்காலத் தனிமையை நீக்குவது. இவற்றுக்கு வேண்டுவன ஒரு கணினியும், ஓர் அறையும், வாரத்தில் இரண்டு மணிநேரம் தர இசைந்த ஓர் ஆசிரியருமே. முதலிரண்டும் கிளிநொச்சி மாவட்டத்துப் பாடசாலைகள் பலவற்றில் இன்று உள. மூன்றாவதும் ஒருவர் எழுந்து முன்வருமளவிலேயே கிடைத்துவிடும். அயலிலுள்ள கல்லூரிகளின் பழைய மாணவர்கள் நடுவராகவும் பயிற்றுநராகவும் மாதத்தில் ஒரு மாலைப்பொழுதை உதவுவரேல், வருகின்ற கல்வியாண்டிலேயே வன்னியில் ஒரு தமிழ் விவாதச் சுற்று தொடங்கிவிடும் என்பதில் ஐயமில்லை.